காக்கை வன்னியனுக்கு ஒரு காட்சி குறைகிறது

வன்னியில் காட்டிக்கொடுப்புக்கு ஒரு பெயர் உண்டு. தமிழ்நாட்டில் எட்டப்பன் என்ற பெயர் எப்படி வசைச்சொல்லாகிவிட்டதோ, அப்படியே முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காக்கை வன்னியன் என்ற பெயர் ஆகிவிட்டது. வவுனியா நகரில் பண்டாரவன்னியன் சிலையாக நிற்கிறான். ஓகஸ்ட் 25 அன்று அந்தச் சிலைக்கு மாலை விழுகிறது. அங்கிருந்து மன்னார் வீதியால் போனால் வருகிற நெளுக்குளத்திலும் அதையொத்த குளத்தடி ஊர்களிலும் வளர்கிற பிள்ளை, அந்த வீரனைப் புத்தகத்தில் வாசிக்குமுன் மேடையில் பார்த்துவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். அவனைப் பார்க்கும்போதே அவனுடைய எதிராளியையும் பார்த்துவிடும். மேடைக்கு வருகிறவன் காக்கை வன்னியன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முறுக்கின மீசை, தேவைக்கு மேல் உரத்த சிரிப்பு, ஏவலாளை எட்டி உதைக்கிற கால். பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியாரைப் பெண் கேட்கிறான், மறுக்கிறார்கள், அந்த அவமானத்தை வஞ்சமாக வளர்க்கிறான், கடைசியில் வெள்ளைக்காரப் படைக்கு வழிகாட்டியாகிறான். நாடகத்துக்கு நாடகம் விவரங்கள் மாறும், இந்தச் சட்டகம் மாறாது. இதற்குள் மனிதரைப் பற்றிய ஒரு கூற்று பொதிந்திருக்கிறது: அடுத்தவனை மிதிக்கிறவன் உள்ளே தன்னைப் பற்றி நடுங்குகிறவன், ஆணவத்தின் அடியில் அச்சம் இருக்கிறது என்பது. இந்தக் கூற்று எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் பொய்த்துப்போகிறது, அதை நம்புவதால் நாம் எதைக் காணாமல் விடுகிறோம் என்பவைதான் இக்கட்டுரை ஆராய்கிறவை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கற்சிலைமடுவில், கப்டன் வொன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றான். கற்சிலைமடுவில் பின்னாளில் நாட்டப்பட்ட நினைவுக்கல்லில் வென்றவனின் பெயர் இருக்கிறது, தோற்றவனின் பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது. மூன்றாவது ஆள் இல்லை. காக்கை வன்னியன் என்ற பெயரோ இதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு முந்திய கதையிலேயே வந்துவிடுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில், சங்கிலி மன்னனை வஞ்சகமாகப் பிடித்துப் பறங்கியரிடம் கொடுத்தவன் அவன். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் முற்றாக விழுந்தது 1619 இல். அங்கே ஒரு காக்கை வன்னியன், 1803 இல் இங்கே ஒரு காக்கை வன்னியன். ஒரே பெயருடைய இருவர் இருந்திருக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் பெண் கேட்டு மறுக்கப்பட்டு, மீசை துடிக்கச் சபதம் செய்து, எதிரியின் பாசறைக்குப் போகிற அந்த ஆளைக் கதைசொல்லிகள் படைத்தார்கள் என்றே நான் கொள்கிறேன். முல்லைமணியின் நாடகமும், கடலுக்கு அப்பால் மு. கருணாநிதி எழுதிய ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ நாவலும் பண்டாரவன்னியனைத் தமிழர் நினைவில் ஊன்றிவைத்தன. வீரன் ஊன்றிய இடத்தில் துரோகியும் ஊன்றிவிட்டான். ஆக, அவன் நம்மிடம் இருப்பது ஒரு பாத்திரமாகத்தான். பாத்திரத்தைப் பாத்திரமாகவே விசாரிக்கலாம்.

அவமதிக்கப்பட்டதால் கொடியவனானான் என்ற கதைமுடிச்சு வன்னிக்கு மட்டும் உரியது இல்லை. ஷேக்ஸ்பியரின் இயாகோ தனக்கு வரவேண்டிய பதவி காசியோவுக்குப் போனதைச் சொல்லித்தான் ஒதெல்லோவை அழிக்கப் புறப்படுகிறான். இன்றைய பிள்ளைகள் நன்கு அறிந்த ஹாரி பொட்டர் கதையில், டிராக்கோ மல்ஃபோய் முதற் புத்தகத்திலேயே ஹாரியிடம் கை நீட்டுகிறான். ஹாரி அந்தக் கையைப் பற்ற மறுக்கிறான். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் மல்ஃபோய் செய்கிற சீண்டல்களுக்கு அந்த மறுப்பு ஒரு தொடக்கம். அவன் பெருமை பேசுகிற போதெல்லாம் பேச்சில் வருவது அவனுடைய அப்பாவின் பெயர்தான், தான் செய்தது எதுவும் இல்லை. அந்தப் பெயர் மதிப்பிழந்த பிறகு, ஆறாம் புத்தகத்தில், அவன் ஒரு குளியலறையில் ஒளிந்து அழுவதைப் பார்க்கிறோம். வியன்னாவில் அல்பிரட் அட்லர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கதைமுடிச்சையே உளவியல் கொள்கையாக்கினார். தாழ்வுணர்வு எல்லோருக்கும் இருக்கிறது, அதை ஈடுகட்டும் முயற்சி சிலரிடம் உயர்வு மனப்பான்மையாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். ‘தாழ்வு மனப்பான்மை’ என்ற தொடர் தமிழில் பத்திரிகை நடைக்கும் வீட்டுப் பேச்சுக்கும் வந்து சேர்ந்ததும் இந்த வழியால்தான். இன்று பிறரை உருட்டி மிரட்டுகிற எவனைப் பற்றிப் பேசினாலும், ‘அவனுக்கு உள்ளுக்குள்ள தாழ்வு மனப்பான்மை’ என்று முடித்துவிடுகிறோம். முடித்துவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். தொடங்க வேண்டிய இடம் அது.

தமிழர் கதைமரபில் இந்தக் கேள்வியை ஆக ஆழமாக எழுப்புகிறவன் துரியோதனன். வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்தில் இருந்து கூத்துக்களம் வரை அவன் வணங்காமுடி மன்னன். ஆனால் கதையைக் கிட்ட நின்று பார்த்தால் அவனுடைய மகுடத்துக்கு அடியில் உறுதியான தரை இல்லை. தகப்பன் மூத்தவன், ஆனால் கண்ணில்லாதவன் என்பதால் அரியணை இளையவன் பாண்டுவுக்குப் போனது. அடுத்த தலைமுறையில் முதலில் பிறந்தவன் தருமன். துரியோதனனுக்கு இருந்த உரிமை ஒருவர் சொன்னால் உண்டு, இன்னொருவர் சொன்னால் இல்லை. போதாக்குறைக்குச் சிறுவயதில் பீமன் நூறு பேரையும் படுத்திய பாடு: தலைமயிரைப் பற்றி இழுப்பான், நீருக்குள் அமுக்கிப் பிடிப்பான், மரத்தில் ஏறிப் பழம் பறிக்கிறவர்களை மரத்தை உலுக்கி விழுத்துவான். பகையால் செய்யவில்லை, பிள்ளைத்தனத்தால் செய்தான் என்று வியாசர் சேர்த்துச் சொல்கிறார். நீருக்குள் மூச்சு முட்டியவனுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்காது. எதிராளியின் கொடுமைக்குக் காரணம் தேடுகிற நாம் வீரனின் கொடுமையை விளையாட்டு என்று தாண்டிப்போகிறோம் என்பதை இங்கேயே குறித்துவைக்க வேண்டும். பீமனுக்கு நஞ்சூட்டி ஆற்றில் தள்ளியது பெரும் பாதகம். ஆனால் அது வெறும் வெளியில் இருந்து முளைக்கவில்லை.

இராசசூய வேள்விக் காட்சிதான் இந்த விசாரணைக்கு மிகவும் உதவுவது. வேள்விக்கு வந்த அரசர்கள் தந்த திறைப்பொருள்களை ஏற்று வாங்குகிற பொறுப்பு துரியோதனனிடம் ஒப்படைக்கப்பட்டது. பங்காளியின் செல்வம் முழுவதும் அவனுடைய கையைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போயிற்று. ஊருக்குத் திரும்பியபின் தகப்பனிடம் அவன் ஒப்பிக்கிற பட்டியலை வாசிக்க வேண்டும்: எந்த நாட்டவர் எந்தக் குதிரை கொண்டுவந்தார்கள், எத்தனை வகைக் கம்பளம், எத்தனை வகை மணி என்று ஒன்றுவிடாமல் சொல்கிறான். வாங்கி வாங்கித் தன் கை சோர்ந்துபோனது என்கிறான். ஓர் அரசனுக்கு இருக்கக்கூடாத நினைவாற்றல் அது. தன்னிடம் உள்ளதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்களிடம் உள்ளது ஒவ்வொன்றும் மனப்பாடம். மயன் கட்டிய மண்டபத்தில் பளிங்கை நீரென்று எண்ணி ஆடையைத் தூக்கியதும், நீரைத் தரையென்று எண்ணி விழுந்ததும், அதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் எல்லோரும் அறிந்தவை. வடமொழி மூலத்தில் சிரிப்பவர்களில் பீமன் முன்னே நிற்கிறான். நம் வழக்கில் பாஞ்சாலியின் சிரிப்புத்தான் பெரிதாக ஒலிக்கிறது. யார் சிரித்தாலும், தீக்குள் விழுவேன், நஞ்சுண்பேன், நீரில் மூழ்குவேன் என்று அவன் சகுனியிடம் புலம்புகிறான். பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் இந்தப் புழுக்கத்துக்கே நீண்ட இடம் ஒதுக்கினார். சபையில் நடந்த கொடுமைக்கு முன்னால் அதன் ஊற்றைக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பொறாமை என்று சொல்லி இதையும் முடித்துவிடலாம். முடிக்கவிடாமல் தடுப்பது வனபருவத்தில் வருகிற கோசயாத்திரை. சூது முடிந்துவிட்டது. நாடு, நகர், திறைப்பொருள் எல்லாம் துரியோதனனுக்கு வந்துவிட்டன. எதிராளிகள் மரவுரி தரித்துக் காட்டில் கிடக்கிறார்கள். பொறாமைக்கு இனி இரை இல்லை. அப்படியிருந்தும் அவனால் அத்தினாபுரத்தில் இருக்கமுடியவில்லை. மாடுகளைப் பார்வையிடப் போகிறோம் என்று சாக்குச் சொல்லி, மனைவியரை அலங்கரித்து, படையோடு துவைதவனத்துக்குப் புறப்படுகிறான். தன் செல்வத்தைப் பாண்டவர் பார்க்க வேண்டும், மரவுரி தரித்த பாஞ்சாலி தன் வீட்டுப் பெண்களின் பட்டைப் பார்க்க வேண்டும். வென்ற பிறகும் தோற்றவனின் கண் தேவைப்படுகிறது. போன இடத்தில் கந்தர்வர்கள் அவனைக் கட்டித் தூக்குகிறார்கள். கர்ணன் களத்தை விட்டு ஓடுகிறான். தருமன் ஏவ, அருச்சுனனும் பீமனும் போய் மீட்டுவருகிறார்கள். மீண்டவன் செய்தது என்ன? தருப்பையைப் பரப்பி, உண்ணாமல் உயிர்விடப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். சிரிப்பைத் தாங்கி ஊர் திரும்பியவனால் உதவியைத் தாங்கமுடியவில்லை. அவனுடைய உள்ளத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற இடம் அந்தப் பெருங்கதையில் வேறு இல்லை என்பது என் கணிப்பு. எதிரி உயர்ந்து நின்றால் பொறாமை எனலாம். எதிரி தாழ்ந்து கிடந்தும் பெருந்தன்மையோடு நடந்ததுதான் அவனைச் சாகத் தூண்டியது. தன் உயரத்தை அவன் எப்போதும் அவர்களுடைய தாழ்வில் வைத்தே அளந்திருக்கிறான். தாழ்ந்து கிடந்தவர்கள் கைகொடுத்துத் தூக்கியதும், அளக்கும் கோல் முறிந்துவிட்டது.

இங்கிருந்து என் வாதத்தைச் சொல்கிறேன். எதிராளியின் ஆணவத்துக்கு அடியில் அச்சம் இருக்கிறது என்பது சரி. ஆனால் ‘நான் தாழ்ந்தவன்’ என்ற எண்ணம் அந்த அச்சம் இல்லை. துரியோதனன் தன்னைத் தாழ்ந்தவனாக ஒருநாளும் எண்ணியதில்லை. ‘நான் உயர்ந்தவன், ஆனால் என் உயரம் பிறர் ஒப்புக்கொண்டால்தான் நிற்கும்’ என்பதுதான் அவனுடைய நடுக்கம். முன்னதற்கும் பின்னதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். தன்னைத் தாழ்வாக எண்ணுகிறவன் பெரும்பாலும் ஒதுங்குவான், வாயடைத்துப் போவான். தன் உயரத்துக்குப் பிறருடைய ஒப்புதல் அன்றாடம் வேண்டியிருக்கிறவன்தான் சபை கூட்டுவான், சிரிப்பவனைத் தேடிப்பிடிப்பான், போட்டியே போடாதவனையும் போட்டிக்கு இழுப்பான்.

இதற்கு எதிராக வரக்கூடிய வலுவான மறுப்பு உளவியலாளரிடம் இருந்தே வருகிறது. பாடசாலைகளில் பிள்ளைகள் பிள்ளைகளைத் துன்புறுத்துவதை 1970களில் இருந்து முறையாக ஆராய்ந்தவர் டான் ஒல்வியஸ். ஸ்கண்டிநேவிய நாடுகளில் அவர் செய்த ஆய்வுகளே இத்துறைக்கு அடித்தளம். முரட்டுத் தோற்றத்துக்கு அடியில் பயந்த உள்ளம் இருக்கிறது என்ற கருத்தை அவர் பல முறைகளால் சோதித்துப் பார்த்து, அதற்குச் சான்று இல்லை என்று எழுதினார். துன்புறுத்துகிற பையன்கள் மற்றப் பிள்ளைகளைவிடப் பதற்றம் கூடியவர்களாக இருக்கவில்லை. தங்களைப் பற்றிய மதிப்பும் குறைவாக இருக்கவில்லை. 1996 இல் ரோய் பௌமைஸ்டரும் இரண்டு சக ஆய்வாளர்களும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கொலை, வீட்டு வன்முறை, கும்பல் சண்டை, கொடுங்கோன்மை என்று பலவகை வன்முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வன்முறையாளர் தங்களைப் பற்றிக் குறைவாக எண்ணுகிறார்கள் என்ற பழைய நம்பிக்கையை மறுத்தார்கள். அப்படியானால் நாடகக்காரர்களும் நாவலாசிரியர்களும் நூற்றாண்டுகளாகப் பொய் சொல்லி வந்தார்களா?

ஆய்வுகளை முழுவதும் வாசித்தால் அப்படிச் சொல்ல முடியாது. பௌமைஸ்டர் குழுவினர் சொன்ன முடிவு, அச்சுறுத்தப்பட்ட தன்மதிப்புத்தான் வன்முறைக்கு ஊற்று என்பது. உயர்ந்த தன்மதிப்பு, அதை ஒருவர் கேள்விக்குள்ளாக்கும் நேரம் என இரண்டும் சேர வேண்டும். 1998 இல் பிரட் புஷ்மனும் பௌமைஸ்டரும் ஆய்வுகூடத்தில் இதைச் செய்து காட்டினார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். சிலருக்கு அது பாராட்டோடு திரும்பி வரும். சிலருக்கு, இவ்வளவு மோசமான கட்டுரையை வாசித்ததில்லை என்ற மாதிரியான குறிப்போடு வரும். பிறகு ஒரு போட்டி. அதில் எதிராளிக்குக் காதடைக்கும் இரைச்சலைக் கொடுக்கலாம், எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் என்பது கொடுப்பவர் விருப்பம். ஆக உரத்த இரைச்சலைக் கொடுத்தவர்கள், தற்பெருமை மிகுந்தவர்களாகவும் அதேவேளை இகழப்பட்டவர்களாகவும் இருந்தவர்கள். தன்மதிப்புக் கூடுதலா குறைவா என்ற கணக்கு மட்டும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே மைக்கேல் கேர்னிஸ் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும், தன்மதிப்பு எவ்வளவு உயரம் என்பதோடு அது எவ்வளவு ஆடாமல் நிற்கிறது என்பதையும் அளந்தார்கள். உயர்ந்து, ஆனால் நாளுக்கு நாள் ஏறி இறங்குகிற தன்மதிப்பு உடையவர்களே கோபத்துக்கும் பகைக்கும் ஆக எளிதில் ஆளானார்கள். உயர்ந்து நிலைத்து நின்றவர்கள்தான் யாரிலும் அமைதியானவர்கள். மாயமண்டபத்தில் விழுந்து எழும்பியவனை இதைவிடப் பொருத்தமாக யாரும் விளக்கியதில்லை. ஆக, ஆய்வாளர் மறுத்தது தாழ்வு மனப்பான்மை என்ற எளிய வாய்பாட்டை. நிலையற்ற உயரத்தின் அச்சத்தை அவர்கள் மறுக்கவில்லை, உறுதிப்படுத்தினார்கள். பாரதக் கதைக்காரன் அந்த வேறுபாட்டைப் பிடித்திருந்தான். நம்முடைய அன்றாடப் பேச்சுத்தான் அதைத் தவறவிட்டது.

ஒப்புதல் தேவைப்படுகிறது என்றால் அதைக் கொடுக்கிறவர்களும் இருக்க வேண்டும். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற ஆய்வாளர் 1996 இல் வகுப்பறைகளை இந்தக் கண்ணோடு பார்த்தார். துன்புறுத்துகிறவன், துன்புறுகிறவன் என்று இரண்டே பேர் இல்லை. கூட நின்று கைகொடுக்கிறவர்கள், சிரித்து ஊக்குவிக்கிறவர்கள், பார்த்தும் பாராமல் போகிறவர்கள், தடுக்க வருகிறவர்கள் என்று முழு வகுப்பும் பாத்திரம் ஏற்றிருந்தது. இந்த வரிசையைப் படிக்கிறபோது கௌரவர் சபை நினைவுக்கு வராமல் போகாது: கைகொடுக்கத் துச்சாதனன், ஊக்குவிக்கக் கர்ணன், பாராமல் இருக்க வீட்டுமனும் துரோணரும், தடுக்க விகர்ணனும் விதுரனும். நம் கூத்து மரபும் இதை உணர்ந்தே இருக்கிறது. கட்டியகாரன் முன்னே வந்து கூறாமல் அரசன் களரிக்கு வருவதில்லை; வந்தபின் தன் பெருமையைத் தானே பாடி ஆடுவதும் வரவின் ஒழுங்கு. தருமனும் பாடுவான், துரியோதனனும் பாடுவான். தற்பெருமை என்ற அளவில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. பாட்டு முடிந்து ஆட்டம் நின்றபின், எதிரே நிற்கிறவன் தலைகுனியாவிட்டால் யார் பதறுகிறான் என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது.

நாட்டின் பல்கலைக்கழகங்களைப் பிடித்திருக்கிற பகிடிவதையை இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1997 இல் பகிடிவதைக்கு ஆளான மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டே அதைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. புதிய மாணவனை முழங்காலில் நிற்கவைத்து ‘அண்ணா’ என்று சொல்லவைக்கிற இரண்டாம் வருட மாணவன் தாழ்வு மனப்பான்மையால் அதைச் செய்கிறான் என்றால் யாரும் சிரிப்பார்கள்; உயர்தரப் பரீட்சையில் பல்லாயிரம் பேரைத் தாண்டி வந்தவன் அவன். ஆனால் அவனுடைய மூப்புக்கு வயது ஒரே ஒரு வருடம். போன வருடம் அவனே முழங்காலில் நின்றான். அவனுடைய மூப்புக்கு அறிவோ திறமையோ ஆதாரமாக இல்லை; எதிரே நிற்கிறவன் பணிவதுதான் ஆதாரம். பணிய மறுக்கிற ஒரு புதிய மாணவன் போதும், முழு அடுக்கும் கேள்விக்குள்ளாகிவிடும். அதனால்தான் மறுக்கிறவன் மேல் அவ்வளவு ஆத்திரம். பம்பைமடுவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாவுக்கோ வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்கோ பிள்ளையை அனுப்புகிற பெற்றோருக்கு, இந்த ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்பது வெறும் இலக்கியக் கேள்வியாக இருக்கமுடியாது.

இன்னொரு மறுப்பு சமூகத்தைப் பார்க்கிறவர்களிடம் இருந்து வரும். ஆணவத்தை ஒருவனுடைய மனசுக்குள் தேடினால், அவனை அப்படி ஆக்கிய அடுக்குமுறை தப்பிவிடாதா? மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) இந்தக் கேள்விக்கு நல்ல களம். திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் படிக்கிற பரியனைக் கலியாண மண்டபத்தின் அறைக்குள் அடைத்து அடித்து, மேல் மூத்திரம் பெய்து அவமதிக்கிறவர்கள் சாதியால் உயரத்தில் நிற்கிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே இருக்கிறது. அவர்களிடம் அச்சம் எங்கே? பரியன் செய்த குற்றம் ஒன்றுதான்: அவர்கள் வீட்டுப் பெண்ணோடு சரிநிகராகப் பேசிப் பழகினான். அந்தச் சரிநிகர்தான் அவர்களுடைய அச்சம். தானாக எதையும் சாதிக்காமல் பிறப்பால் வந்த உயரம் இன்னொருவன் கீழே இருந்தால்தான் உயரம். அவன் பக்கத்து வாங்கில் வந்து உட்கார்ந்தால் அது இல்லை. ஆகவே அடுக்குமுறையையும் உள்ளத்து அச்சத்தையும் எதிரெதிரே நிறுத்தத் தேவையில்லை. அடுக்குமுறை என்பதே அந்த அச்சத்தைத் தலைமுறை தலைமுறையாக உற்பத்தி செய்து கையளிக்கிற ஏற்பாடு. சாதி நம் மண்ணிலும் இருக்கிறது என்பதால், இந்தப் படத்தைக் கடலுக்கு அப்பால் நடக்கிற கதையாகப் பார்த்துவிட்டு எழும்ப நமக்கு உரிமை இல்லை.

காரணம் சொல்வது மன்னிப்பாகிவிடும் என்ற கவலையும் நியாயமானது. அடிவாங்கிய பிள்ளையிடம் போய், அடித்தவன் பாவம், அவனுக்கு உள்ளே பயம் என்று சொல்வது இரண்டாவது அடி. இதற்கும் பாரதத்திலேயே விடை இருக்கிறது. விகர்ணன் துரியோதனனின் தம்பி. அதே தகப்பன், அதே நிலையற்ற உரிமை. சபையில் பாஞ்சாலிக்காக எழுந்து பேசியவன் அவன். விதுரன் பணிப்பெண்ணின் வயிற்றில் பிறந்ததால் அரியணைப் பக்கமே போகமுடியாதவன். மனக்குறை சுமக்க அவனைவிட உரிமை யாருக்கு? அவன் யாரையும் மிதிக்கவில்லை. மறுபக்கம், கர்ணனைப் பாருங்கள். குலம் என்ன என்று அரங்கத்தின் நடுவில் கேட்கப்பட்டுத் தலைகுனிந்து நின்றவன். அவமானம் என்றால் என்ன என்று அந்தக் கதையில் அவனைவிட அறிந்தவன் இல்லை. அப்படிப்பட்டவன்தான் சபையில் பாஞ்சாலியை நோக்கிச் சொல்லக்கூடாத சொற்களைச் சொன்னான். ஒரே காயத்தில் இருந்து மூன்று வகை மனிதர் வருகிறார்கள் என்றால், காயம் செயலுக்கு விளக்கமாகலாம், செயலைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்காத இடத்தில் பொறுப்பு செய்தவனிடமே இருக்கிறது. அச்சத்தைத் தெரிந்துகொள்வதால் கிடைக்கிற பயன் வேறு: அவனுக்கு யாருடைய ஒப்புதல் தேவைப்படுகிறதோ அவர்கள் அதைக் கொடுக்காமல் விடலாம் என்பது தெரிகிறது.

இப்போது காக்கை வன்னியனிடம் திரும்பலாம். துரியோதனனின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவன் எவ்வளவு மெலிந்த பாத்திரம் என்பது தெரியும். பெண் மறுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தோடு அவனை விட்டுவிட்டோம். அவனுடைய உயரம் எதன்மேல் நின்றது என்று நாடகங்கள் கேட்பதில்லை. கேட்டிருந்தால் வன்னியின் வரலாறே மேடைக்கு வந்திருக்கும். வன்னிமைகள் என்றும் பெரிய அரசுகளின் இடுக்கில் வாழ்ந்தவை. யாழ்ப்பாணம் வலுத்திருந்தால் யாழ்ப்பாணத்துக்கு, பிறகு போர்த்துக்கேயருக்கு, பிறகு ஒல்லாந்தருக்கு என்று அவற்றின் தலைவர்களான வன்னிபங்கள் திறை கட்டினார்கள். அந்தத் திறையில் யானைகள் முக்கியமானவை. தெற்கே கண்டி இருந்தது. ஒரு வன்னிபம் தன் குடிகளுக்கு முன்னால் அரசன், திறை வாங்க வருகிறவனுக்கு முன்னால் குத்தகைக்காரன். 1782 இல் ஒல்லாந்தர் வன்னியைப் படையால் அடக்கி நேரடி ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள். 1795 இல் முல்லைத்தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. இருபது ஆண்டுக்குள் எசமானர்கள் இரண்டு முறை மாறிய நிலத்தில், தன் பட்டம் நாளைக்கும் செல்லுமா என்று தெரியாத சிறு தலைவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்த அச்சம் ஒருவனுடைய அச்சம் இல்லை. பண்டாரவன்னியனுக்கும் அது இருந்திருக்கும். அவன் அதற்குக் கொடுத்த விடை முல்லைத்தீவுக் கோட்டை. வேறொருவன் வேறு விடை கொடுத்திருந்தால், அதற்குப் பெண் மறுப்பு ஒரு காரணமாக வேண்டியதில்லை. எட்டப்பன் கதையிலும் இதே குறை. 1799 ஒக்டோபர் 16 இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதற்கு ஒருவனுடைய கெட்ட மனசைச் சொல்லி முடிக்கிறோம். பாளையங்களுக்கிடையே இருந்த எல்லைத் தகராறுகளையும், யாருக்கு வரி என்ற கேள்வியையும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை.

துரோகி ஒருவன் இருந்தால் தோல்விக்குக் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் எல்லோரும் கைகழுவிக்கொள்ளலாம். அதுதான் இந்தப் பாத்திரத்தை நாம் இவ்வளவு காலம் விரும்பிவந்ததற்குக் காரணம் என்று அஞ்சுகிறேன். போருக்குப் பின்னான வன்னியில், யாரை வேண்டுமானாலும் அந்தப் பெயரால் சுட்டிவிடமுடிகிற நிலத்தில், இது சிறிய விடயம் இல்லை. எதிராளியின் உள்ளத்து அச்சத்தைக் காட்டுகிற கதை அவனை நமக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும், அவன் நின்ற தரையில் நம்மையும் நிறுத்த வேண்டும். நம்முடைய காக்கை வன்னியன் கதை செய்வது நேர்மாறு. அவமானப்பட்ட மாப்பிள்ளை என்று அவனைச் சுருக்கி, நம்மில் இருந்து வெட்டித் தூரத்தில் வைக்கிறது.

நாடகம் எழுதுகிறவர்களுக்கும் பாடசாலை மேடைக்கு அதைப் பழக்குகிற ஆசிரியர்களுக்கும் இதில் பெரிய சுதந்திரம் இருக்கிறது. கற்சிலைமடுக் கல் அவனைப் பற்றி எதுவும் சொல்லாததால், அவனை முழுதாகப் படைக்கத் தடையில்லை. பெண் கேட்டுப் போவதற்கு முன்னால் ஒரு காட்சி வையுங்கள். குடிகள் திறை கொண்டுவந்து வைக்கிறார்கள், இந்த வருடம் யானை குறைவு. வெள்ளைக்காரரின் ஆள் வந்து, உன் பட்டத்தை யார் தந்தது, பத்திரம் இருக்கிறதா என்று கேட்கிறான். குடிகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் உரத்துச் சிரிக்கிறான். பக்கத்தில் நிற்கிற ஏவலாளை உதைக்கிறான். உதைபட்டவன் எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அவனுடைய முகத்தைப் பார்க்கிறான். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல்தான் காக்கை வன்னியன் பண்டாரவன்னியனின் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் புறப்படுகிறான் என்று எழுதிப் பார்க்கலாம்.